வாங்கும்போதும் கூப்பிடுங்கள்: மருத்துவமனை முடிவுகளில் செவிலியர் கண்காணிப்பாளர்கள் பங்கெடுக்க ஒரு முழு வழிகாட்டி

ஒரு ஐப்பசி மாதம். இராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். எங்கள் பெண்கள் வார்டுக்கு இருபது புதுக் கட்டில்கள் வந்து இறங்கின. பெயிண்ட் அடித்த இரும்புக் கட்டில், காலில் குட்டிச் சக்கரம், பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஸ்டோரிலிருந்து ஒரு தாள் வந்தது, "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போட்டேன். தை பிறப்பதற்குள் சக்கரம் எல்லாம் உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிவிட்டது. சிசேரியன் முடிந்து வந்த ஒரு பெண்ணைக் கட்டிலோடு தள்ள முடியாமல் நாலு பேர் சேர்ந்து தூக்கினோம். தூக்கும்போது அந்தப் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. மூன்றாம் வருஷம் அந்தக் கட்டில்களைக் கழிப்பதற்கு ஒரு குழு கூடியது, அன்றைக்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். வாங்கும்போது கூப்பிடவில்லை, கழிக்கும்போது கூப்பிட்டார்கள்.

வார்டு இன்சார்ஜாக இருக்கிற சிஸ்டர்கள், செவிலியர் கண்காணிப்பாளர்கள் (நம் பக்கத்தில் இன்னும் மேட்ரன் என்றால்தான் புரியும்), தனியார் மருத்துவமனைகளில் நர்சிங் இன்சார்ஜ் என்று சாவிக்கொத்தைச் சுமக்கிறவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கூட்டத்தில் தைரியமாகப் பேச வேண்டும் என்று எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். என் அனுபவத்தில் தைரியத்துக்கு அங்கே பெரிய வேலை இல்லை. கூட்டம் கூடுவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே முக்கால்வாசி முடிவு ஆகிவிடுகிறது, அந்த ஒரு வாரத்தில் நாம் எங்கே இருந்தோம் என்பதுதான் கணக்கு.

முதல் படி: எந்த முடிவு எந்த வாசலில்

நம்மில் பலர் எல்லாக் குறையையும் ஒரே ஆளிடம் போய்க் கொட்டுகிறோம். அவர் கையில் இல்லாததைக் கேட்டால் அவரும் என்னதான் செய்வார், "மேலே எழுதியிருக்கேன் சிஸ்டர்" என்பார், அதோடு சரி. நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் இராமநாதபுரமும் ஒன்று, அதனால் தலைமை மருத்துவமனைக்கு இப்போது டீன்தான் தலைவர், அவருக்கு மேலிடம் மருத்துவக் கல்வி இயக்ககம். தாலுகா மருத்துவமனைகள் நலப்பணிகள் இணை இயக்குநர் பொறுப்பில் வேறொரு இயக்ககத்தின் கீழ் வரும். ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறை. இந்த மூன்றையும் போட்டுக் குழப்பி மனு எழுதினால் அது மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

புதுப் பணியிடம் சென்னையில்தான் உண்டாகும். அதை மாதாந்திரக் கூட்டத்தில் கேட்டுக் கேட்டு நம் குரலை நாமே மலிவாக்கிக்கொள்ள வேண்டாம், எழுத்தில் வருஷம் ஒருமுறை கேட்டால் போதும். மருந்தும் அப்படித்தான், எந்த மருந்தை என்ன விலைக்கு வாங்குவது என்பதைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பார்த்துக்கொள்கிறது. ஆனால் நம் மருத்துவமனையின் பாஸ்புக்கில் (மருந்துக் கணக்குப் புத்தகம்) எவ்வளவு இண்டெண்ட், அதாவது தேவைப் பட்டியல், போடுவது, வந்ததில் எவ்வளவு கேஷுவால்டியில் நிற்க வேண்டும், எவ்வளவு ஸ்டோரில் பூட்டியிருக்கலாம் என்பதெல்லாம் இங்கேயே முடிவாகிற விஷயம். பாம்புக்கடிக்கு நம் நாட்டில் முதல் தடவையே எட்டிலிருந்து பத்துக் குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றுகிறோம். அறுவடை நேரத்தில் ஒரே ராத்திரியில் இரண்டு கடி வந்தால் இருபது. கேஷுவால்டி பிரிட்ஜில் ஆறு குப்பி வைத்துவிட்டு மீதியை ஸ்டோரில் பூட்டி, சாவி பார்மசிஸ்ட் வீட்டில் இருக்கிறது என்றால் அந்த ஏற்பாட்டைப் போட்டவர் ராத்திரி கேஷுவால்டியில் நின்றதில்லை என்று அர்த்தம். இதை நாம்தான் சொல்ல வேண்டும், நமக்குத்தான் தெரியும்.

அப்போ நம் கைக்கு எட்டுகிற முடிவுகள் எவை? டியூட்டி போடுவது, எந்த நோயாளி எந்தப் படுக்கை, ராத்திரியில் யார் யாரைக் கூப்பிடுவது, மேல்சிகிச்சைக்கு அனுப்பும்போது துணைக்கு யார் போவது, பார்வையாளர் நேரம், உள்ளூரில் வாங்குகிற சில்லறைச் சாமான்கள், ரிப்பேர், நோயாளர் நலச் சங்க நிதியில் என்ன செய்வது. சின்ன விஷயம் மாதிரி தெரியும். வார்டு ஓடுவதே இவற்றை வைத்துத்தான்.

தனியார் மருத்துவமனையில் இந்த வரைபடம் ரொம்பச் சுருக்கம். இராமநாதபுரத்திலோ கீழக்கரையிலோ பரமக்குடியிலோ முப்பது படுக்கை மருத்துவமனை என்றால் முதலாளி டாக்டர், அவர் வீட்டம்மா, கணக்குப் பார்க்கிற ஒரு மாமா, அவ்வளவுதான் நிர்வாகக் குழு. கூட்டம் என்று ஒன்று கிடையாது, ராத்திரி ஓபி முடிந்து டாக்டர் சாப்பிடக் கிளம்புகிற அந்த ஐந்து நிமிஷம்தான் கூட்டம். அந்த ஐந்து நிமிஷத்தில் நீங்கள் எதிரில் நிற்கிறீர்களா என்று பாருங்கள்.

இரண்டாம் படி: ஏற்கெனவே உங்களுக்குப் போட்டிருக்கிற நாற்காலியில் உட்காருங்கள்

சட்டத்திலும் விதியிலும் குழுக்கள் ஏற்கெனவே இருக்கின்றன, நாம்தான் போவதில்லை. 2016 உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி முப்பது படுக்கையும் அதற்கு மேலும் உள்ள மருத்துவமனையில் கழிவு மேலாண்மையைக் கவனிக்க ஒரு குழு இருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும், கூட்டக் குறிப்பை ஆண்டறிக்கையோடு சேர்த்து அனுப்ப வேண்டும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரித்துப் போடுவது யார்? நம் ஆட்கள். 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிற கெடு தவறினால் நாற்றம் யாருக்கு? நமக்கு. அப்படியிருக்க அந்தக் குழுவின் ஆணையில் உங்கள் பெயர் இல்லையென்றால் அது வெறும் மறதிதான், நினைவுபடுத்தினால் பெரும்பாலும் சேர்த்துவிடுவார்கள்.

அதே மாதிரி தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு, தரச்சான்றுக்கான குழு, லக்ஷ்யா என்கிற பிரசவ அறைத் தர மேம்பாட்டுத் திட்டம் நடக்கிற இடங்களில் லேபர் வார்டுக்கும் தியேட்டருக்கும் உள்ள குவாலிட்டி சர்க்கிள் என்கிற தரக் குழு, பிரசவ மரணத் தணிக்கை, பழுதான சாமான்களைக் கழிக்கிற குழு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பெண்களின் பாதுகாப்புக்கான உள்ளகக் குழுவுக்கு மூத்த பதவியிலிருக்கும் ஒரு பெண்தான் தலைமை வகிக்க வேண்டும், பல இடங்களில் அந்தப் பொறுப்பு மேட்ரனிடம்தான் வரும். வந்தால் தட்டிக்கழிக்காதீர்கள். அந்த ஒரு குழுவில் நீங்கள் நடுநாற்காலியில் உட்கார்ந்து கூட்டம் நடத்திப் பழகுவது மற்ற எல்லாக் கூட்டத்துக்கும் உதவும்.

செய்ய வேண்டியது: அலுவலகத்தில் போய் எல்லாக் குழு ஆணைகளின் நகலையும் கேட்டு வாங்குங்கள். ஒரு மதியம் உட்கார்ந்து படியுங்கள். உங்கள் பெயர் இருக்கிறதா, மாறுதலில் போய்விட்ட யாருடைய பெயராவது இன்னும் இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது, மூன்றையும் பென்சிலில் குறியுங்கள். நான் பார்த்தபோது ஒரு குழுவில் ஓய்வு பெற்றுப் பேரப்பிள்ளை எடுத்துவிட்ட அக்கா ஒருவர் இன்னும் உறுப்பினராக இருந்தார்.

ஒரு எச்சரிக்கை. கூடாத கூட்டத்துக்குக் குறிப்பேடு வரும், "சிஸ்டர், ஆய்வுக்கு வர்றாங்க, பழைய தேதியில் ஒரு சைன்" என்பார்கள். போடாதீர்கள். இன்றைய தேதியில் கூட்டம் போடுவோம் என்று சொல்லுங்கள். பழைய தேதிக் கையெழுத்தைப் பழக்கமாக்கிவிட்டால் அப்புறம் உங்கள் கையெழுத்து மட்டும்தான் அவர்களுக்கு வேண்டும், நீங்கள் வேண்டியதில்லை.

மூன்றாம் படி: எண்ணுங்கள், ஆனால் கொஞ்சமாக

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் விளக்கு ஞாபகம் வருகிறது, நர்சிங் கல்லூரி விழாவில் நாமும் மெழுகுவர்த்தி பிடித்தோம். கிரிமியப் போர் முடிந்து வந்து 1858-இல் அந்த அம்மா செய்தது கணக்கு. காயத்தால் செத்த சிப்பாய்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தவர்கள்தான் அதிகம் என்று மாதவாரியாக வண்ணப் படம் போட்டு மேலிடத்துக்குக் காட்டினார். விளக்கை நமக்குக் கொடுத்தவர்கள் கணக்கு நோட்டையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.

வார்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஏமாற்று உண்டு, நள்ளிரவு சென்சஸ். ராத்திரி பன்னிரண்டுக்கு எத்தனை தலை என்பதுதான் மேலே போகும். காலையில் எட்டுப் பேர் டிஸ்சார்ஜ், மதியத்துக்குள் ஒன்பது பேர் அட்மிஷன் என்றால் நாள் முழுக்க அந்தப் பதினேழு பேருடைய வேலையையும் நாம் செய்திருப்போம், ஆனால் சென்சஸில் ஒரே ஒரு தலைதான் கூடியிருக்கும். அதைப் பார்க்கிற அதிகாரி "முப்பது முப்பத்தொண்ணுதானே, என்ன கஷ்டம்?" என்பார். அவர் மேல் கோபப்பட்டுப் பிரயோசனம் இல்லை, அவருக்கு நாம் கொடுத்த எண் அதுதான்.

அதனால் சொந்தமாக ஒரு நோட்டு போடுங்கள். மூன்று விஷயத்துக்கு மேல் எண்ணாதீர்கள், எண்ணினால் பத்தாம் நாள் நின்றுவிடும். அட்மிஷனும் டிஸ்சார்ஜும் மணிவாரியாக, ஒரு செவிலியர் வார்டை விட்டு வெளியே போன நேரம் (ஆம்புலன்ஸ், ஸ்கேன், ரத்த வங்கி, எதுவானாலும்), தாமதமாகக் கொடுத்த ஊசிகள். முப்பது நாள் போதும், அறுபது நாள் என்றால் இன்னும் நல்லது.

நம் கடலோரத்தில் இப்படி எண்ணினால் வேறு ஊரில் கிடைக்காத ஒன்று கிடைக்கும். விசைப்படகுகள் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில்தான் கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரை திரும்பும். திருக்கை முள் குத்தினவர், வலை இழுக்கிற வின்ச்சில் விரல் மாட்டினவர், சொறி (ஜெல்லி மீன்) பட்டு உடம்பெல்லாம் தடித்தவர் என்று அந்தக் காலைகளில்தான் கேஷுவால்டியில் வரிசை நிற்கும். நைட் டியூட்டிக்காரர் சோர்ந்து போய், காலை டியூட்டிக்காரர் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிற நேரமும் அதுதான். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அப்போது இந்தக் கூட்டம் குறையும். விடுப்பையும் பயிற்சியையும் அந்த இரண்டு மாதத்துக்குத் தள்ளலாம் என்று நோட்டைக் காட்டிச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு இராமேஸ்வரத்திலும் சந்தனக்கூட்டுக்கு ஏர்வாடியிலும் கூடுகிற கூட்டத்துக்கும் இதே கணக்குதான்.

வெளியிலிருந்து ஆதாரம் வேண்டும் என்று கேட்கிற டாக்டர்களும் உண்டு. அவர்களுக்கு இரண்டே இரண்டு போதும். 2002-இல் லிண்டா எய்க்கன் குழு பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து எழுதியது: ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினாலே, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. இன்னொன்று 1983-இல் அமெரிக்காவில் 41 மருத்துவமனைகளைப் பார்த்தது. மற்ற இடங்களில் செவிலியர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது அங்கே மட்டும் ஏன் நிலைத்து நிற்கிறார்கள் என்பது கேள்வி. கிடைத்த பதில்களில் ஒன்று, அங்கே நர்சிங் தலைமை மருத்துவமனையின் மேல்மட்ட முடிவுகளில் உட்கார்ந்திருந்தது. இதற்கு மேல் மேற்கோள் காட்டினால் "சிஸ்டர் பிஎச்டி பண்றீங்களா?" என்று கிண்டல் வரும்.

நான்காம் படி: கூட்டத்துக்கு முந்தின வாரம்

மற்றதை மேலோட்டமாகப் படித்தாலும் இந்த ஒரு படியை விட்டுவிடாதீர்கள்.

அலுவலகத்தில் அஜெண்டா தட்டச்சு செய்கிற உதவியாளர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். கூட்டத்துக்கு நாலைந்து நாள் முன்னால் அவரிடம் ஒரு வரி கொடுத்தால் அது அஜெண்டாவில் எண் வாங்கிவிடும். எண் இல்லாத விஷயம் "இதர" என்கிற கடைசித் தலைப்பில் விழும், அதற்கு வருவதற்குள் டீ ஆறி, பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள்.

அப்புறம் ஒரு நடை. நிலைய மருத்துவரிடம் போய் "இப்படி ஒண்ணு கொண்டு வரலாம்னு இருக்கேன் சார், நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். முடிவை அவரிடம் கேட்காதீர்கள், கருத்தை மட்டும் கேளுங்கள். எங்கே இடிக்கிறது என்று அவரே சொல்லிவிடுவார், அந்த இடத்தை நீங்கள் சரிசெய்துகொள்ளலாம். நிர்வாக அலுவலரிடம் பணமும் தணிக்கையும்தான் பேச வேண்டும், நோயாளியின் கஷ்டத்தைச் சொன்னால் அவர் தலையாட்டுவார், ஆனால் எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்று நீங்களே சொன்னால்தான் பேனாவை எடுப்பார். ஸ்டோர் கீப்பரையும் பார்மசிஸ்ட்டையும் கூட்டத்தில் திடீரென்று மாட்டிவிடாதீர்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தன் அறையில் நல்லவராக இருக்கிறவர் பத்துப் பேர் முன்னால் தன் துறையைக் காப்பாற்றத்தான் செய்வார்.

டாக்டர்களில் ஒருவர் நம் பக்கம் வேண்டும். எனக்கு எப்போதும் மயக்க மருத்துவர்கள்தான் வாய்த்தார்கள். தியேட்டர், ஐசியூ, லேபர் வார்டு என்று எல்லா இடத்திலும் நம்மோடு ராத்திரி முழித்திருப்பவர்கள் அவர்கள்தான்.

ஐந்தாம் படி: ஒரு பக்கக் குறிப்பு

வாயால் சொல்வதைவிட ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பது நல்லது. ஒரு மாதிரி தருகிறேன். இங்கிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு நோயாளியை அங்கே அனுப்பும்போது "கூட ஒரு சிஸ்டர் போங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டால் அந்தச் சிஸ்டர் திரும்பி வர விடிந்துவிடும், வார்டில் ஒருவர் மட்டும் நிற்பார். இந்த முடிவை ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் நல்லபடி எடுக்க முடியாது, பகலிலேயே பொதுவான ஏற்பாடாக எடுத்து வைக்க வேண்டும். குறிப்பு இப்படி இருக்கட்டும், எண்கள் உதாரணத்துக்கு:

"பொருள்: இரவில் மேல்சிகிச்சைக்கு அனுப்பும்போது செவிலியர் உடன் செல்வது.
நிலைமை: வார்டில் இரவில் இருவர் பணியில் உள்ளனர். ஒருவர் சென்றால் 34 நோயாளிகளுக்கு ஒருவர். கடந்த 60 நாளில் இப்படி 11 இரவுகள்.
விளைவு: அந்த 11 இரவுகளில் 6 மணி ஊசிகள் 40 நிமிடத்துக்கு மேல் தாமதம்.
கோருவது: 108 வாகனத்தில் மருத்துவ உதவியாளர் இருக்கும்போது, எந்த வகை நோயாளிகளுக்கு மட்டும் செவிலியர் செல்ல வேண்டும் என்று ஒரு பட்டியல் முடிவு செய்ய வேண்டும். செல்ல நேர்ந்தால் அழைப்புப் பட்டியலிலிருந்து ஒருவரை வரவழைக்க அனுமதி வேண்டும்.
செலவு: வருபவருக்கு ஈடுசெய் விடுப்பு ஒரு நாள். வேறு இல்லை."

அவ்வளவுதான். "மிகவும் சிரமப்படுகிறோம்", "தயவுகூர்ந்து" எல்லாம் வேண்டாம். பட்டியலை நீங்களே முழுதாக எழுதிக் கொண்டு போகாதீர்கள், செயற்கை சுவாசத்தில் இருப்பவர், பிரசவ ரத்தப்போக்கு, பச்சிளங்குழந்தை என்று ஆரம்பித்துக் கொடுத்துவிட்டு மீதியை டாக்டர்கள் சேர்க்கட்டும். தான் ஒரு வரி சேர்த்த பட்டியலை யாரும் பிறகு எதிர்ப்பதில்லை.

ஆறாம் படி: கூட்டத்தில்

கதவோரம் உட்காராதீர்கள். போன் வந்தால் எழுந்து போக வசதி என்று அங்கே உட்கார்ந்து உட்கார்ந்தே நாம் பாதிக் கூட்டத்தில் வெளியே நிற்கிறோம். ஒரு மணி நேரத்துக்கு வார்டை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வாருங்கள்.

கூட்டம் முடிகிற நேரத்தில் ஒரு கேள்வி வரும்: "என்ன சிஸ்டர், நர்சிங் சைடுல எல்லாம் ஓகேதானே?" இது கேள்வி மாதிரி இருக்கும், உண்மையில் கூட்டத்தை முடித்து வைக்கிற வாக்கியம். "ஆமா சார்" என்று நாக்கு தானாகச் சொல்லிவிடும், பல வருஷப் பழக்கம். நான் ஒருமுறை சொன்னேன், "ஒரு விஷயம் மட்டும் சார். தாள் உங்க ஃபைல்ல மூணாவதா இருக்கு."

மேலே சொன்ன அதே ஆம்புலன்ஸ் விஷயம்தான். சர்ஜன் உடனே கேட்டார், "நர்ஸ் போகலைன்னா வழியில ஏதாவது ஆனா யார் பொறுப்பு?"

"அதே கேள்வியைத்தான் சார் வார்டுல இருக்கிறவங்களுக்காக நான் கேக்கிறேன்."

யாரும் பேசவில்லை. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குக் கை நடுங்கியது, தாளை மேசையில் வைத்து அழுத்திக்கொண்டேன். அப்புறம் மயக்க மருத்துவர் மேடம் "இன்ட்யூபேட் பண்ணின (மூச்சுக்குழாயில் டியூப் போட்ட) கேஸுக்கு நான் ஒரு வரி எழுதித் தர்றேன்" என்றார். முந்தின வியாழக்கிழமையே தியேட்டர் வாசலில் நான் அவரிடம் பேசியிருந்தேன் என்பது அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

சில சின்னக் குறிப்புகள். ஒரு கூட்டத்துக்கு ஒரு விஷயம், மிஞ்சினால் இரண்டு. வராத ஆளைப் பற்றிக் குறை சொல்லாதீர்கள். மருந்து எது, அறுவை எப்போது என்கிற மருத்துவ முடிவில் தேவையில்லாமல் நுழையாதீர்கள், ஆனால் அந்த முடிவால் வார்டில் எத்தனை கை வேண்டும் என்பதைச் சொல்ல உங்களைவிட்டால் ஆள் இல்லை. "அதை அப்புறம் பார்க்கலாம் சிஸ்டர்" என்றால், "சரி சார், அடுத்த மாசக் கூட்டத்திலா, அதுக்கு முன்னாடியா?" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

ஏழாம் படி: குறிப்பேடு

கூட்டக் குறிப்பு இரண்டு நாளில் வரும். "செவிலியர் பற்றாக்குறை குறித்து விவாதிக்கப்பட்டது" என்று இருந்தால் திருப்பிக் கொடுங்கள். என்ன முடிவு, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், இந்த மூன்றும் இல்லையென்றால் அது வெறும் ஞாபகார்த்தம். நீங்களே வாக்கியத்தை எழுதிக்கொண்டு போங்கள், தட்டச்சு செய்கிற உதவியாளருக்கும் வேலை மிச்சம்.

மறுத்துவிட்டார்கள் என்றால்? மறுத்தது குறிப்பில் ஏறட்டும், காரணத்தோடு. ஒருமுறை கேஷுவால்டிக்கு ஒரு மின்சாரக் கெட்டில் கேட்டேன். திருக்கை முள் குத்தினவர்களுக்குத் தாங்குகிற சூட்டில், 45 டிகிரி அளவில், வெந்நீரில் காலை வைத்திருந்தால் வலி நன்றாக இறங்கும், அதற்கு வெந்நீரை டீக்கடையிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தோம். கெட்டில் மின்சாதனம், அனுமதி இல்லை என்றார்கள். மறுப்பு எழுத்தில் இருந்ததால் அடுத்த காலாண்டில் அதே பத்தியைக் காட்டி நோயாளர் நலச் சங்க நிதியில் கேட்டேன், வந்துவிட்டது. ஒரு கெட்டிலுக்கு ஐந்து மாசம். சிரிப்பாகத்தான் இருக்கிறது.

எட்டாம் படி: உங்கள் வார்டில் முடிவு எடுப்பது யார்?

கொஞ்சம் சங்கடமான கேள்விதான். மேலே நம்மைக் கேட்கவில்லை என்று புலம்பிவிட்டு, கீழே நாம் டியூட்டி ரோஸ்டரை ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தனியாக உட்கார்ந்து போட்டு, காலையில் சுவரில் ஒட்டுகிறோம். தொகுப்பூதியத்தில் இருக்கிற சின்னப் பிள்ளைகளுக்குத்தான் எப்போதும் தொடர் நைட், அவர்கள்தான் எதிர்த்துப் பேச மாட்டார்கள். இதை நானும் செய்திருக்கிறேன்.

மாதம் ஒருமுறை, மதிய டியூட்டி மாறும்போது இரண்டு ஷிஃப்டும் சேர்ந்திருக்கிற அந்த இருபது நிமிஷத்தில், வார்டுக் கூட்டம் போடுங்கள். ரோஸ்டரைக் காலியாக நீட்டுங்கள், யாருக்கு எந்த நாள் வேண்டும் என்று அவர்களே முதலில் எழுதட்டும், இடிக்கிற இடத்தை மட்டும் நீங்கள் பாருங்கள். நோன்பு மாதத்தில் யார் மாலை டியூட்டியை மாற்றிக்கொள்வது, கிறிஸ்துமஸுக்கு யார் தங்கச்சிமடம் போக வேண்டும், பொங்கலுக்கு யார் நிற்பது எல்லாம் அவர்களுக்குள்ளேயே நம்மைவிட நன்றாகப் பேசிக்கொள்வார்கள். பல்நோக்குப் பணியாளர் அக்காமார்களையும் கூப்பிடுங்கள். எந்தக் குழாயில் உப்புத் தண்ணீர் வருகிறது, எதில் காவிரித் தண்ணீர் வருகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஆட்டோகிளேவில் உப்புத் தண்ணீரை ஊற்றினால் ஹீட்டரில் காறை படிந்து அடிக்கடி பழுதாகும், ரிப்பேர் செலவு ஏன் ஏறுகிறது என்று அலுவலகம் மூளையைக் கசக்கிக்கொண்டிருக்கும்போது எங்களுக்குப் பதில் சொன்னது ஒரு துப்புரவுப் பணியாளர்தான்.

ஒன்பதாம் படி: புயல்

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே, ஒரு தனிக் கூட்டம் கேளுங்கள். கேட்கிற உரிமை நமக்குத்தான் முதலில், ஏனென்றால் தண்ணீர் உள்ளே வந்தால் நோயாளியைத் தூக்குவது நம் ஆட்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போனது எப்படி என்று நம் வீடுகளில் பாட்டிமார்கள் இன்னும் சொல்வார்கள். இப்போது எச்சரிக்கை முன்கூட்டியே வந்துவிடுகிறது, அதை வைத்து மருத்துவமனை என்ன செய்யும் என்பதுதான் முடிவாகாமல் கிடக்கிறது.

மூன்று கேள்விகளுக்குப் பெயரோடு பதில் வாங்குங்கள். தீவுப் பக்கம் இருக்கிற நிறைமாதக் கர்ப்பிணிகளைப் பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் எத்தனை நாள் முன்னால் கொண்டு வந்து சேர்ப்பது, யார் பட்டியல் வைத்திருப்பது? ஜெனரேட்டருக்கு எத்தனை மணி நேர டீசல், தீர்ந்தால் எந்த வார்டை முதலில் அணைப்பது? பஸ் ஓடாத நாளில் நைட் டியூட்டிக்காரர் எங்கே தூங்குவார், என்ன சாப்பிடுவார்? மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. அது இல்லாமல் முதல் இரண்டும் நடக்காது.

கடைசியாக: கோப்பு

கலந்தாய்வு வரும், மாறுதல் வரும், நீங்கள் போய்விடுவீர்கள். சேர்த்த நோட்டு, குறிப்புகள், ஆணை நகல்கள், மறுப்புக் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டி, பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் ஸ்டாக்கோடு சேர்த்து அதையும் ஒரு வரியாக எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். பீரோவில் வைத்துவிட்டு வந்தால் எலிக்குத்தான் போகும்.

என் கோப்பில் முதல் பக்கம் கட்டில். புதுசாக வாங்கும்போது ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன்: கடலோரப் பயன்பாடு என்று குறிப்பிட வேண்டும், கட்டிலின் ஃப்ரேம் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், சக்கரம் நைலான், சக்கரத்தைப் பிடிக்கிற கவையும் ஸ்டீல், மாற்றுச் சக்கரம் பத்து. காந்தத்தை வைத்துப் பார்த்து ஒட்டவில்லை, அதனால் 304 என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், விலை குறைந்த 202 வகையிலும் காந்தம் ஒட்டாது, அது இந்தக் காற்றுக்குச் சீக்கிரம் புள்ளி விழும், சோதனைச் சான்றிதழ் கேட்க வேண்டும் என்று கீழே பென்சிலில் எழுதியிருந்தேன். எனக்குப் பின்னால் வந்த சிஸ்டர் போன வருஷம் போன் பண்ணினார். "அக்கா, கட்டில் வாங்கப் போறாங்களாம், கொள்முதல் குழுவில் என் பேரு இருக்கு. அந்தப் பென்சில்ல எழுதினது பாதி அழிஞ்சிருக்கு, 202-ஆ 302-ஆ?"